கிராங்க் புல்லியைப் பிடிக்கும் கருவி: கடையில் வாங்குவதா, பட்டறையில் செய்வதா?

பழைய ஹோண்டா சிட்டியின் டைமிங் பெல்ட்டை நாமே மாற்ற முற்பட்டால், முதலில் வழிமறிப்பது கிராங்க் புல்லியின் (எஞ்சினின் கிராங்க் தண்டு முனையில் மாட்டியிருக்கும் சக்கரத்தின்) நடு போல்ட்தான். இந்த வண்டியில் உள்ள, ஹோண்டாவின் டி வரிசை எஞ்சின், புல்லிப் பக்கத்திலிருந்து பார்க்கையில் இடஞ்சுழியாகச் சுழல்கிறது. போல்ட்டில் இருப்பதோ, வலஞ்சுழியாகத் திருகினால் இறுகும் வழக்கமான வலது மரை. எனவே, வலஞ்சுழியாகச் சுழலும் எஞ்சின்களில் சிலர் செய்வதுபோல் போல்ட்டில் மாட்டிய சாக்கெட் கம்பியை முட்டுக்கொடுத்து ஸ்டார்ட்டரைத் தட்டினால், இங்கே போல்ட் கழலாது, மேலும் இறுகும். புல்லியை அசையாமல் பிடிப்பதற்காகவே அதன் முகத்தில் 50 மி.மீ. அறுகோணக் குழி ஒன்று உண்டு.

இம்பாக்ட் கன் (தட்டித் தட்டி போல்ட்டைத் திருகும் விசைக்கருவி) வைத்திருப்பவர்களுக்குக் கழற்றுவது எளிது. ஸ்பார்க் பிளக் துளை வழியே கயிற்றைச் செலுத்தி பிஸ்டனைத் தடுப்பதும் நடைமுறையில் உள்ள வழிதான். ஆனால் வால்வுகள் மூடியிருக்கும் நிலையைப் பிசகாமல் கண்டறிய வேண்டும் என்பதால் அதை நான் விரும்புவதில்லை.

என் முடிவைத் தீர்மானித்தது கழற்றுவது அன்று, திரும்ப இறுக்குவது. இந்த போல்ட்டுக்கான முறுக்குவிசை, எஞ்சினைப் பொறுத்து, ஏறத்தாழ 180 நியூட்டன் மீட்டர். உரிய அளவை வண்டியின் சர்வீஸ் கையேட்டில் பார்த்துக்கொள்ள வேண்டும். இறுக்கம் குறைந்தால் புல்லியும் டைமிங் பல்சக்கரமும் சிறிது சிறிதாக அசைந்து, சாவியையும் (அவற்றைத் தண்டோடு பூட்டும் சிறு உலோகத் துண்டு) கிராங்க் தண்டின் சாவிப்பள்ளத்தையும் தின்றுவிடும். அதன்பின் எஞ்சினையே இறக்க நேரலாம். இம்பாக்ட் கன்னால் இந்த அளவைத் துல்லியமாகக் கொடுக்க முடியாது, முறுக்குவிசையை அளந்து இறுக்கும் டார்க் ரென்ச்தான் வேண்டும். டார்க் ரென்ச் பிடித்து இழுக்கும்போது புல்லி சுழலாமல் இருக்க, பிடிக்கும் கருவி மறுபடியும் தேவைப்படுகிறது.

ஆகவே உண்மையான போட்டி, கடையில் கிடைக்கும் 50 மி.மீ. பிடிப்பானுக்கும் பட்டறையில் நாமே செய்துகொள்வதற்கும் இடையில்தான். கடைச்சரக்கு குழியில் கச்சிதமாகப் பொருந்தும் என்பதை மறுக்க முடியாது. ஆனால் பெரும்பாலானவற்றுக்குத் தனிக் கைப்பிடி இல்லை. அரை அங்குலச் சதுர முனையுள்ள சாக்கெட் கம்பி ஒன்றை அதற்கென்று கூடுதலாக ஒதுக்க வேண்டும். நான் செய்துகொண்டதையே பரிந்துரைக்கிறேன்.

எம் 33 நட்டின் (33 மி.மீ. போல்ட்டுக்கான அறுகோண நட்டின்) எதிரெதிர்ப் பக்கங்களுக்கிடையே உள்ள அளவு சரியாக 50 மி.மீ. என்பதே இந்தக் கருவியின் அடிப்படை. ஆனால் தர அளவுகளின்படி 49 மி.மீ. வரை குறைந்த நட்டும் விற்பனைக்கு வரலாம். அந்த ஒரு மி.மீ. தளர்வில் புல்லியின் மூலைகள் மழுங்கிவிடும். ஆதலால் கடையிலேயே வெர்னியரால் அளந்து, 50-ஐ ஒட்டியிருப்பதைத் தேர்ந்தெடுக்க வேண்டும். நட்டு புல்லியின் குழிக்குள் அமர, நடு போல்ட்டைத் திருகும் சாக்கெட் நட்டின் துளை வழியே செல்ல வேண்டும். மரையின் உள்விட்டம் 29 மி.மீ. அளவில்தான் இருக்கும் என்பதால், தடித்த சாக்கெட் நுழையாமல் போகலாம். லேத்தில் கொடுத்து 32 மி.மீ. ஆகக் குடைந்துகொண்டேன். பிறகு அதே அளவில் துளையிட்ட, 65 மி.மீ. அகலமும் 10 மி.மீ. தடிமனும் கொண்ட இரும்புப் பட்டையில் நட்டைச் சுற்றிலும் வெல்டிங் வைத்தாயிற்று. நட்டில் துத்தநாகப் பூச்சு இருந்தால் அதை முன்கூட்டியே தேய்த்து நீக்க வேண்டும், ஏனெனில் அதன் புகை நச்சுடையது.

பட்டையின் நீளத்தை நாமே முடிவு செய்யலாம் என்பது பெரிய வசதி. 180 நியூட்டன் மீட்டரை 60 செ.மீ. கையால் தாங்க, முனையில் ஏறத்தாழ 30 கிலோ எடைக்குச் சமமான விசை விழும்; துருப்பிடித்த போல்ட்டைக் கழற்ற இதைவிட மிகுதியாக வேண்டியிருக்கும். எனவே முனையைக் கையால் பிடிக்காமல் தரையில் ஊன்றுவதே நல்லது. இடது முன்சக்கரத்தைக் கழற்றிவிட்டுப் பார்த்தால், கழற்றும்போது பட்டை வண்டியின் முன்பக்கம் நீண்டிருக்க வேண்டும், இறுக்கும்போது பின்பக்கம். இரு நிலைகளிலும் முனை தரையை நோக்கியே அழுந்தும். வண்டி ஜாக்கியை மட்டும் நம்பி நிற்காமல், உறுதியான ஸ்டாண்டுகளின் மேல் நிற்க வேண்டும் என்பதைச் சொல்லத் தேவையில்லை.

இந்த வெல்டிங் பல ஆண்டுகள் தாங்குமா என்று உறுதிகூற என் அனுபவம் போதாது. ஒவ்வொரு முறையும் விளிம்பில் விரிசல் உள்ளதா என்று பார்த்த பிறகே மாட்டுகிறேன். நாள்தோறும் இந்த வேலையே செய்யும் மெக்கானிக் கடைக்கு, வாங்கிய பிடிப்பானே பொருத்தமாக இருக்கக்கூடும்.