கையால குவில்ட் தைக்க எந்த முறை நம்ம வீட்டுக்குத் தாங்கும்? அறுகோணம், கவந்தி, வளையம், கட்டம் நாலையும் பக்கத்துல பக்கத்துல வச்சு ஒரு அலசல்

குவில்ட், அதாவது துணிய அடுக்கடுக்கா வச்சு சேத்துத் தைக்கிற போர்வை, தைக்க ஆசைப்படுறவங்க பெரும்பாலும் மொதல்ல பாக்குறது எந்த டிசைன் அழகா இருக்குன்னுதான். வேலைக்கும் போயிட்டு, புள்ளைங்கள ஸ்கூலுக்கும் தியூஷனுக்கும் ஏத்தி இறக்கிட்டு, ராத்திரி சட்டி பானை கழுவி முடிக்கிறவங்களுக்கு அது உதவவே உதவாதுன்னு நான் அடிச்சுச் சொல்வேன். நாம பாக்க வேண்டியது வேற. பாதியில டக்குன்னு கீழ வைக்க முடியுமா, நாலு நாள் கழிச்சு எடுத்தா எங்க விட்டோம்னு தேடாம தொடர முடியுமா, மேசை வேணுமா மடி போதுமா, நம்ம பினாங்கு வெக்கையில மடியில வச்சிருக்க முடியுமா. அழகு எல்லா முறையிலயும் வரும், ஆனா முடிக்காம அலமாரியில கிடக்குற குவில்ட்டுல யாரும் தூங்கப் போறதில்ல.

ஒப்பிட ஒரே அளவு எடுத்துக்குவோம், 36க்கு 45 இன்ச், அதாவது ஒரு குழந்தைப் போர்வை.

மொதல்ல அறுகோணம், இங்லிஷ் பேப்பர் பீசிங்னு தேடுனா வீடியோ கொட்டும். கெட்டிப் பேப்பர்ல அறுகோணம் வெட்டி, அதவிட சுத்திலும் கால் இன்ச் பெருசா துணி வெட்டி, துணிய பேப்பர் மேல மடிச்சு தற்காலிகமா பெரிய தையல் போட்டு பிடிச்சுக்கணும், அப்புறம் ரெண்டு பீஸ நல்ல பக்கம் உள்ள வர்ற மாதிரி ஒட்ட வச்சு ஓரத்துல சுத்திச் சுத்தித் தைக்கணும், ஒரு பீஸோட ஆறு பக்கமும் பக்கத்து பீஸோட சேந்துடுச்சுன்னா பேப்பர உருவிடலாம், அதே பேப்பர் அடுத்த பீஸுக்கு ஆகும். காசு குடுத்து வாங்கணும்னு இல்ல, வீட்டுல குவிஞ்சு கிடக்குற கல்யாணப் பத்திரிகையில மெல்லிசான அட்டையா பாத்து எடுங்க, ரொம்ப தடியா இருந்தா தைக்கிறப்ப வளையாது.

இதோட பெரிய பலம், ஒரு சின்ன டப்பாவுல மொத்த வேலையும் அடங்கிடும். தியூஷன் சென்டர் வாசல்ல காடியில உக்காந்திருக்கிறப்ப, பட்டர்வொர்த் ஃபெர்ரியில, கிளினிக்ல நம்பர் கூப்பிடுற வரைக்கும், அஞ்சு நிமிஷம் கிடைச்சாலும் ஒரு பக்கம் தைச்சிடலாம். 1942ல சிங்கப்பூர் சாங்கி சிறையில ஜப்பான்காரங்க அடைச்சு வச்சிருந்த சின்னப் பொண்ணுங்க, கேர்ள் கைட்ஸ்ங்கிற சாரணியர் குழுவுல இருந்தவங்க, தங்களோட தலைவிக்குப் பரிசா ரகசியமா தைச்சது இந்த அறுகோண குவில்ட்தான், கைக்குக் கிடைச்ச துணித் துண்டுங்களை வச்சுத் தைச்சாங்க, இப்ப அது லண்டன் இம்பீரியல் வார் மியூசியத்துல இருக்கு. மேசை, மெஷின், இடம் எதுவும் கேக்காத முறைன்னு இதவிட வேற சாட்சி வேணாம்.

ஆனா கணக்கப் போட்டுப் பாருங்க. ஒரு பக்கம் 1 இன்ச் உள்ள அறுகோணத்தோட பரப்பு சுமார் 2.6 சதுர இன்ச், நம்ம போர்வை 1620 சதுர இன்ச், அப்ப ஏறக்குறைய 620 பீஸ் வேணும். பீஸுக்கு சராசரி மூணு பக்கம்னு வச்சா 1,860 இன்ச் தையல், இன்ச்சுக்கு 12 குத்துன்னு வச்சாலும் 22,000 குத்துக்கு மேல. இதுவும் மேல் துணி மட்டும்தான்! அதுக்கப்புறம் நடு அடுக்கு, அடித்துணி வச்சு குவில்ட் பண்ற வேலை முழுசா பாக்கி நிக்கும், இதத்தான் வீடியோக்காரங்க மெதுவா சொல்லிட்டு நகந்துடுறாங்க. 2 இன்ச் பக்கத்துக்குப் போனீங்கன்னா சுமார் 156 பீஸ் போதும், தைக்கிற நீளமும் பாதியா குறையும். மொத தடவை தைக்கிறவங்க 1 இன்ச் பக்கமே போக வேணாம்னு கெஞ்சிக் கேட்டுக்குறேன்.

அடுத்து என் மனசுக்கு ரொம்ப நெருக்கமானது, கவந்தி. கர்நாடகா உத்தர கன்னடா பக்கம் சித்தி மக்கள்னு இருக்காங்க, பல நூறு வருஷம் முன்னாடி ஆப்பிரிக்காவுல இருந்து வந்தவங்களோட வம்சம், அந்தப் பொம்பளைங்க தைக்கிற போர்வை இது. நாம நெனைக்கிறதுக்கு நேர் மாறா வேலை நடக்கும். மேல் துணிய தனியா தைச்சு முடிச்சு அப்புறம் அடுக்குறதே கிடையாது. அடித்துணிய முழு அளவுக்கு விரிச்சு, மேல பழைய பருத்திச் சேலைய அடுக்கி, ஒரு மூலையில இருந்து ஆரம்பிச்சு துண்டுத் துணிய ஓரம் மடிச்சு வச்சு எல்லா அடுக்கையும் சேத்து ஓட்டுத்தையல் (ஊசிய மேலயும் கீழயுமா விட்டு எடுக்குற சாதா தையல்) போட்டுக்கிட்டே ஓரத்தோட சுத்தி வந்து, அப்படியே சுத்திச் சுத்தி நடுவுக்கு வந்து முடிக்கிறது. ஓரத்த ஆரம்பத்துலயே உள்ள மடிச்சுத் தைச்சுடறதால கடைசியில பட்டி வைக்கிற வேலை இல்ல. முடிச்சதும் நாலு மூலையிலயும் மடிச்ச முக்கோணத் துணி வைப்பாங்க, அத பூவுன்னு சொல்வாங்க, அது இல்லாம போர்வை முடிஞ்சதா அவங்க கணக்குல வராது.

வங்காளத்து காந்தாவும் இதுக்குச் சொந்தம்தான், பழைய சேலை வேட்டிய அடுக்கி ஓட்டுத்தையல் போடுறது. எங்க பாட்டி தோட்டத்துல இருந்த காலத்துல தூளியில போடவும் கீழ விரிக்கவும் இதே மாதிரி பழைய கைலிய அடுக்கித் தைப்பாங்க, அதுக்கு யாரும் கிளாஸ் எடுக்கல, பேட்டர்னும் கிடையாது, நைஞ்சு போன துணிக்கு இன்னொரு ஆயுசு குடுக்கணும், அவ்ளோதான். அந்தக் கைவேலை நம்ம வீடுகள்லயும் இருந்ததுதான், நடுவுல விட்டுட்டோம், அதனாலதான் எனக்கு இது மேல இவ்ளோ பிடிப்பு.

கணக்கா பாத்தாலும் கவந்தி ஜெயிக்குது. வரிசைக்கு வரிசை 1 இன்ச் இடைவெளி விட்டா அதே போர்வைக்கு சுமார் 1,620 இன்ச் தையல், இன்ச்சுக்கு 5 குத்துன்னா 8,100, அரை இன்ச் இடைவெளியில நெருக்கமா போட்டாக்கூட 16,000 சொச்சம், அதோட போர்வை முடிஞ்சது, பாக்கி வேலைன்னு ஒண்ணு இல்ல. அதோட ஓட்டுத்தையல்ல ஒரே இழுப்புல ஊசியில மூணு நாலு குத்து ஏத்திடலாம், அறுகோணத்துல ஒவ்வொரு குத்தா இழுக்கணும். பாதியில கூப்புட்டா ஊசிய துணியிலயே குத்தி வச்சுட்டு எந்திரிச்சுடலாம்னு சிலர் சொல்வாங்க, அது மட்டும் செய்யாதீங்க, சின்னப் புள்ளைங்க இருக்குற வீட்டுல ஊசிய கழட்டி டப்பாவுல வச்சுட்டுதான் எந்திரிக்கணும். திரும்ப வந்தா நூல் நிக்கிற இடத்துல தொடர வேண்டியதுதான்.

குறை இருக்கு, மறைக்க மாட்டேன். மொத நாளே முழு அளவு துணி மடியில ஏறிடும், ஏப்ரல் மத்தியானத்துல ஃபேனுக்கு அடியில உக்காந்தாலும் வேர்க்கும், வெளிய எடுத்துட்டுப் போறது கஷ்டம். அடுக்குங்க நகந்து நடுவுல துணி உப்பலா கூடும், அதனால தரையில விரிச்சு உள்ளங்கையால ஓரத்துல இருந்து உள்பக்கமா தடவித் தடவி விடணும். நேர்க்கோடு நேரா வரணும்னு பிடிவாதம் பிடிக்கிறவங்களுக்கு இது ஒத்து வராது, கவந்தியோட அழகே அந்த அலை அலையான சுருக்கம்தான்.

வளையத்துல மாட்டித் தைக்கிற அமெரிக்க முறைய சுருக்கமா சொல்லிடறேன். மேல் துணி, பேட்டிங்னு சொல்ற பஞ்சு மாதிரியான நடு அடுக்கு, அடித்துணி மூணையும் தரையில இழுத்து விரிச்சு தற்காலிகத் தையல் போட்டு, 14 இன்ச் மர வளையத்துல மாட்டி, பிட்வீன்ஸ்னு சொல்ற குட்டை ஊசியில நடுவிரல்ல உறை மாட்டிக்கிட்டு இன்ச்சுக்கு 8, 10 குத்து போடுவாங்க. கண்ணுல ஒத்திக்கலாம், அவ்ளோ நேர்த்தி. ஆனா துணிய விரிக்கிற மொத வேலைக்கு ஹால் தரை மணிக்கணக்கா காலியா வேணும், விளையாட்டு சாமானும் சைக்கிளும் சுத்துற பிளாட்டுல அது நடக்காது, கை பழகவும் மாசக்கணக்காகும். புள்ளைங்க பெரியவங்களாகி ஒரு ரூம் காலியான வீட்டுக்கு இத மனசார சொல்வேன், இப்ப வேணாம்.

நாலாவது கட்டம் கட்டமா தைக்கிறது. 12 இன்ச் சதுரம் ஒவ்வொண்ணையும் மூணு அடுக்கோட முழுசா தைச்சு முடிச்சு, கடைசியில எல்லாத்தையும் பட்டி வச்சு இணைக்கிறது. நீளம் மட்டும் மூணு இன்ச் கூடி 36க்கு 48 ஆகும், அதுக்கு 12 கட்டம் போதும். பையில அடங்கும், மடி சூடாகாது, ஒரு கட்டம் முடிஞ்சா முடிஞ்சதுதான், அந்தத் திருப்தி வேலைக்குப் போற பொம்பளைங்களுக்கு எவ்ளோ பெரிசுன்னு எனக்குத் தெரியும். சிக்கல் இணைக்கிறப்பதான், கட்டம் எல்லாம் ஒரே அளவுக்கு வராது, குவில்ட் பண்ணா துணி கொஞ்சம் சுருங்கும், அதனால அரை இன்ச் பெருசா தைச்சு கடைசியில சமமா வெட்டிக்கணும். இணைக்கிற வேலைக்கு மேசை வேணும், பொறுமையும் வேணும், நிறைய பேரு 12 கட்டமும் தைச்சு வச்சுட்டு இந்த இடத்துலதான் நின்னுடுறாங்க. நாத்தனார், அக்கா, அம்மா எல்லாரும் சேந்து ஆளுக்கு ரெண்டு மூணு கட்டம்னு தைச்சுக் குடுத்தா வளைகாப்புக்கு இதவிட நல்ல சீர் கிடையாது, அந்த ஒரு விஷயத்துல மத்த மூணு முறையும் இதுகிட்ட நிக்க முடியாது.

இனி உள்ள என்ன வைக்கிறது. இதுலதான் வெளிநாட்டு வீடியோவ அப்படியே நம்பக் கூடாது, அவங்களுக்குக் குளிர், நமக்குப் புழுக்கம். பாலியஸ்டர் பேட்டிங் விலை கம்மி, சீக்கிரம் காயும், ஆனா வேர்வைய உறிஞ்சாது, போகப் போக நாரு துணி வழியா வெளிய வந்து பிசிறு பிசிறா முடி மாதிரி நிக்கும். பருத்தி பேட்டிங் உடம்புக்கு நல்லது, மொத துவையல்ல கொஞ்சம் சுருங்கும், தண்ணிய குடிச்சுட்டு கல்லு மாதிரி கனக்கும், மழைக்காலத்துல பால்கனியில போட்டா உள்ள ஈரம் நின்னு பூஞ்சை பிடிக்கும். என் தீர்ப்பு, பேட்டிங்கே வேணாம். பழைய பருத்திச் சேலை ஒண்ணு ரெண்டு அடுக்கு போதும், ஏர்கான் ரூமுக்கும் சரியா இருக்கும், ராத்திரி துவைச்சு நம்ம குடியிருப்பு தாமான்ல இருக்குற டோபி கடை டிரையர்ல போட்டா காஞ்சு வந்துடும், பெருசா தைச்சிருந்தா அங்க இருக்குற பெரிய மெஷின்லயே துவைச்சுடுங்க.

துணிக்கும் அலைய வேணாம். பாத்தேக் கைலியோட பக்கத் தையலப் பிரிச்சா சுமார் 2 மீட்டர் நீளம், ஒரு மீட்டர் அகலத்துக்கு ஒரே துணி கிடைக்கும், குழந்தைப் போர்வைக்கு ஒட்டு இல்லாத அடித்துணி ஆச்சு. துவைச்சுத் துவைச்சு மெத்துனு ஆனதா பாத்து எடுங்க, புது பாத்தேக்கோட நெசவு நெருக்கமா இருக்கும், ஊசி இறங்காம விரல் வலிக்கும். சாயம் போகுதான்னு தனியா ஊற வச்சுப் பாத்துக்குங்க. துண்டுத் துணிக்கு மலாய் பொம்பளைங்க போடுற பாஜு குரோங் தைக்கிற டெய்லர்கிட்ட கேட்டா பை நிறைய குடுப்பாங்க, ஆனா அதுல நிறைய பாலியஸ்டர்தான், ஒரு நூல உருவி நெருப்புல காட்டுங்க, பேப்பர் எரியுற வாசம் வந்து சாம்பலா உதிர்ந்தா பருத்தி, உருகி உருண்டையானா ஒதுக்கி வச்சுடுங்க. புதுசா மீட்டர்ல வாங்கணும்னா இங்க லெபோ பாசார், லெபோ குயின் பக்கம் சுத்துங்க, கேஎல்ல இருந்தா மஸ்ஜித் இந்தியா, துவாங்கு அப்துல் ரஹ்மான் ரோடு.

நூலப் பொறுத்தவரைக்கும், கவந்திக்கு பெர்ல் காட்டன்னு சொல்ற எம்பிராய்டரி நூல் 8ஆம் நம்பர், இல்லன்னா 12, நம்பர் கூடினா நூல் மெல்லிசு. அறுகோணத்துக்கு சாதா மெல்லிய நூல், துணிக் கலருக்கு நெருக்கமா. கை நீளத்துக்கு மேல நூல் வெட்டாதீங்க, சிக்கு எடுக்குறதுலயே கிடைச்ச அரை மணி நேரமும் போயிடும்.

அப்ப எத எடுக்குறது? தினமும் ராத்திரி ஒரே இடத்துல அரை மணி நேரம் உக்கார முடியும்னா கண்ண மூடிட்டு கவந்தி. வீட்டுல உக்காரவே நேரமில்ல, ரோட்டுலயும் காடியிலயும்தான் பொழுது போகுதுன்னா 2 இன்ச் அறுகோணம், ஆனா முழுப் போர்வைக்கு அதையே நம்பாதீங்க. நடுவுல ஒரு வழி இருக்கு, நான் இப்ப தைக்கிறது அப்படித்தான். வெளிய காத்திருக்குற நேரத்துல ஏழு அறுகோணம் சேத்து ஒரு பூ, அந்த மாதிரி பூவா மட்டும் தைச்சு சேத்து வச்சுக்குறது, வீட்டுல கவந்தி வேலை ஓடிட்டு இருக்கும், துண்டுத் துணி வைக்க வேண்டிய இடத்துல இந்தப் பூவ வச்சுடறது. பூவ இஸ்திரி போட்டு ஆற விட்டு அப்புறமா பேப்பர உருவுனா வெளி ஓரம் மடிஞ்சபடியே நிக்கும், அடியில பருத்தித் துணி ஒண்ண வச்சு அப்படியே மேல படுக்க வச்சு ஓட்டுத்தையல ஓட்டிட்டுப் போயிடலாம். 36க்கு 45 போர்வைக்கு நாலஞ்சு பூ இருந்தாலே கண்ணுக்கு நெறைவா இருக்கும், மீதி இடத்துக்கு எப்பவும் போல துண்டுத் துணிதான்.