டெல்டா சைக்கிள் சுற்றும், பாதை போடும் செயலியும்: பல வருடப் பயன்பாட்டில் தெரிந்தவை

தஞ்சாவூரில் கிளம்பி திருவையாறு, கும்பகோணம், கங்கைகொண்ட சோழபுரம், சிதம்பரம், பூம்புகார், தரங்கம்பாடி, நாகப்பட்டினம், திருவாரூர் வழியாகத் தஞ்சைக்கே திரும்பினால் சுமார் 300 கிலோமீட்டர். ரோடு பைக்கில், அதாவது தார்ச் சாலைக்கான ஒல்லி டயர் சைக்கிளில், நான்கு நாளுக்கு அளவான சுற்று. யுனெஸ்கோ பட்டியலில் 1987-ல் ஏறிய பெரிய கோயிலும், 2004-ல் சேர்ந்த தாராசுரமும் கங்கைகொண்ட சோழபுரமும் ஒரே கோட்டில் வந்துவிடும். இந்தச் சுற்றைச் சில வருடங்களாக ஒரு கைபேசிச் செயலியில் வரைந்து, திருத்தி, ஓட்டி வருகிறேன். யார் வேண்டுமானாலும் விவரம் சேர்க்கக்கூடிய ஓபன்ஸ்ட்ரீட்மேப் என்ற இலவச வரைபடத்தின் தரவில் ஓடும் செயலி. அந்த வகையில் நீங்கள் எதை வைத்திருந்தாலும் கீழே சொல்வது பெரும்பாலும் பொருந்தும்.

கார்களுக்கான வரைபடம் தஞ்சை–கும்பகோணம் என்றதும் நெடுஞ்சாலையில் தள்ளிவிடும். சைக்கிள் செயலியில் திருவையாற்றை நடுவில் ஒரு புள்ளியாக வைத்தால் போதும், பாதை கணபதி அக்ரஹாரம், கபிஸ்தலம், சுவாமிமலை என்று மரநிழலில் போகும். திருவையாற்றுக்குள் நுழைவதற்குள் வடவாறு, வெண்ணாறு, வெட்டாறு, குடமுருட்டி, காவிரி என்று ஐந்து ஆறுகளைத் தாண்டிவிடுவீர்கள். எட்டு கிலோமீட்டர் கூடுதலாக மிதித்தாலும் லாபம்தான். அசோகா அல்வா வேறு இருக்கிறது.

குழப்பமெல்லாம் வாய்க்கால் கரைகளில்தான். வரைபடத்தில் கோடு இருக்கும். அது தாரா மண்ணா என்ற விவரத்தை யாரும் நிரப்பியிருக்க மாட்டார்கள், செயலி தானாக ஊகித்துக்கொள்ளும். அதனால் கரையோரம் போகும் ஒவ்வொரு துண்டையும் செயற்கைக்கோள் படத்தில் பெரிதாக்கிப் பார்த்துவிடுவேன். இரண்டு வெளிர் கோடுகளும் நடுவே பச்சையும் தெரிந்தால் டிராக்டர் தடம், ரோடு பைக்குக்கு ஆகாது. ஒரே சாம்பல் பட்டையாகத் தெரிந்தால் தார். வீட்டில் உட்கார்ந்து செய்யும் இந்த ஒரு மணி நேர வேலை பாதி நாள் தள்ளிக்கொண்டு நடப்பதை மிச்சப்படுத்தும்.

ஏற்ற இறக்க வரைபடத்தைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. டெல்டாவில் ஏற்றம் என்றால் பாலம்தான்.

செயலிக்குத் தெரியாத விஷயம் நேரம். பெரும்பாலான கோயில்களில் மதியம் 12 மணிவாக்கில் நடை சாத்தினால் திறக்க நாலு மணிக்கு மேல் ஆகும். இதை வைத்துத்தான் நாளைப் பிரிக்க வேண்டும். முதல் நாள் கும்பகோணத்தோடு நிறுத்திவிடுங்கள், தாராசுரத்துக்குப் பொறுமையாக நேரம் கிடைக்கும். மறுநாள் விடியும்போதே கிளம்பினால் அணைக்கரையில் கொள்ளிடத்தைக் கடந்து, வெயில் ஏறுமுன் கங்கைகொண்ட சோழபுரம். அணைக்கரையில் நீங்கள் பார்ப்பது 1836-ல் ஆர்தர் காட்டன் கட்டிய கீழணை. பிறகு காட்டுமன்னார்கோவில் வழியாக மதியச் சாப்பாட்டுக்குச் சிதம்பரம், மாலையில் நடராஜர். மூன்றாம் நாள்தான் நீளமானது, கடற்கரையோரம் நாகை வரைக்கும். தரங்கம்பாடியில் டேனிஷ்காரர்கள் 1620-ல் கட்டத் தொடங்கிய கோட்டையைத் தாண்டினால் நிழல் குறைவு, காரைக்காலுக்குள் பத்து மணிக்கு முன் போய்விடுவது நல்லது.

அடுத்தது காற்று. ஜனவரி, பிப்ரவரியில் வாடைக்காற்று வடகிழக்கிலிருந்து வரும், அதனால் கடிகாரச் சுற்றில் போனால் தெற்கே இறங்கும்போதும் மேற்கே திரும்பும்போதும் முதுகில் தள்ளும். ஆடியில் இதே பாதையைத் தலைகீழாகப் போட வேண்டும். நாகையிலிருந்து மேற்கே ஆடிக்காற்றை எதிர்த்து மிதிப்பது தண்டனை. செயலியில் பாதையைத் திருப்ப ஒரு பொத்தான் இருக்கிறது, எனக்கு அதிகம் பயன்பட்ட வசதி அதுதான்.

அறுவடையும் கணக்கில் வர வேண்டும். தை, மாசியில் கிராமச் சாலையின் பாதியில் நெல் காயும், ஓரத்தில் கல் வைத்திருப்பார்கள். அதுகூடப் பரவாயில்லை. பங்குனிவாக்கில் உளுந்துச் செடியைச் சாலை முழுக்கப் பரப்பி, வண்டிகள் ஏறி மிதிக்க விட்டிருப்பார்கள். அதன்மேல் 25 மில்லிமீட்டர் டயர் வழுக்கும், கொடி பின் கியருக்குள் சுற்றிக்கொள்ளும். இறங்கித் தூக்கிக்கொண்டு போவதே மேல், களத்தில் இருப்பவர்களுக்கும் அதுதான் மரியாதை. நான் 32-க்கு மாறிவிட்டேன். சீமைக்கருவேல முள்ளுக்கும் அது கொஞ்சம் தாங்குகிறது. உங்கள் டியூபில் பிரெஸ்டா எனப்படும் ஒல்லியான வால்வு என்றால் சின்னப் பித்தளை அடாப்டர் ஒன்றைக் கட்டாயம் வைத்துக்கொள்ளுங்கள், ஊர்ப் பஞ்சர் கடைக் காற்றுக்குழாய் நேராகப் பொருந்தாது.

செயலிக்குச் சந்தா கட்டலாமா என்றால், இந்தச் சுற்றுக்கு மட்டும் என்றால் வேண்டாம். இலவசக் கணக்கில் வரைந்து, ஜிபிஎக்ஸ் கோப்பாக (பாதையை ஒரு செயலியிலிருந்து இன்னொன்றுக்குக் கொண்டுபோகும் கோப்பு) எடுத்து, இணையம் இல்லாமல் ஓடும் வேறொரு வரைபடச் செயலியில் போட்டுக்கொண்டாலே போதும். அந்தக் காசில் கும்பகோணத்தில் நல்ல அறையாக எடுக்கலாம்.