பழைய ஜெட்ரேஞ்சர் வாங்கப் போகிறீர்களா? ஸ்டார்ட் கணக்கைக் கேளுங்கள்

அமெரிக்க புரோக்கர் ஒருவர் எங்கள் நிறுவனத்துக்கு ஒரு பெல் 206பி-3 ஜெட்ரேஞ்சர் ஹெலிகாப்டரைப் பொய்க் கணக்கு காட்டி விற்றிருக்கிறார். "இன்ஜின் பாதி ஆயுள் பாக்கி, பயணிகளை ஏற்றலாம், சரக்கும் தூக்கலாம்" என்பது விளம்பரம். இதே வகை ஹெலிகாப்டரைத் தேடுகிறவர்கள் பணம் கட்டுமுன் இதைப் படித்துவிடுங்கள்.

அந்தப் "பாதி ஆயுள்" டர்பைன் ஓவர்ஹாலுக்கான (பிரித்துப் புதுப்பிப்பதற்கான) 3,500 மணி நேரத்தை வைத்துச் சொன்னது. ஆனால் அலிசன் 250-சி20ஜே இன்ஜினில் ஒவ்வொரு டர்பைன் வீலுக்கும் (சூடான வாயு சுழற்றும் சக்கரம்) தனி வரம்பு உண்டு. முதல் இரண்டு வீல்களுக்கு 1,775 மணி அல்லது 3,000 சைக்கிள்; மூன்றாவதுக்கும் நான்காவதுக்கும் 4,550 மணி அல்லது 6,000 சைக்கிள். இரண்டில் எது முதலில் வருகிறதோ அதோடு அந்த வீல் முடிந்தது. ஒரு ஸ்டார்ட் என்றால் ஒரு சைக்கிள். ஸ்டார்ட் செய்யும்போது வீலின் விளிம்பு சில நொடிகளில் கொதிக்கிறது, நடுப்பகுதி இன்னும் சூடேறியிருக்காது. அந்த இழுபறி திரும்பத் திரும்ப நடந்துதான் விரிசல் விழுகிறது. இருப்பதோ ஒரே இன்ஜின். வீல் உடைந்தால் பைலட்டுக்கு ஆட்டோரொட்டேஷன், அதாவது இன்ஜின் இல்லாமல் காற்றே ரோட்டரைச் சுழற்ற இறங்குவது தவிர வேறு வழியில்லை.

எங்களுக்குக் காட்டிய வீல் கார்டுகளில் மணியும் சைக்கிளும் வரிக்கு வரி சமமாக ஏறின: 100 மணிக்கு 100 சைக்கிள், அடுத்த 100 மணிக்கும் அதே 100. பல வருடப் பதிவு, ஆனால் ஒரே பேனா, ஒரே கையெழுத்து. மின்கம்பி வேலைக்குப் போய் அடிக்கடி இறங்கி ஏறிய ஹெலிகாப்டர் அப்படிப் பறந்திருக்கவே முடியாது. தினசரி ஃபிளைட் ஷீட்டுகள் பணம் கைமாறிய பிறகுதான் வந்தன. இரண்டு, மூன்று மணி நேரம் பறந்த நாட்களில் ஆறேழு ஸ்டார்ட்! கூட்டிப் பார்த்தால் முதல் இரண்டு வீல்களும் 3,000-ஐ எப்போதோ தாண்டியிருந்தன. புரோக்கர் "இருக்கிற நிலையில் விற்பனை" என்ற ஒப்பந்த வரியைக் காட்டிப் பணத்தைத் திருப்பித் தர மறுத்துவிட்டார்.

ஆகவே ஃபிளைட் ஷீட்டுகளை முன்னதாகவே கேட்டு வாங்குங்கள். ஸ்டார்ட் கவுன்டர் பொருத்தியிருந்தால் அதன் எண்ணோடு ஒப்பிடுங்கள். ஷீட்டு தொலைந்துவிட்டது என்றால் வீல்களை மாற்றும் செலவை விலையில் கழித்துப் பேசுங்கள். பறந்த மணியையும் அப்படியே நம்பாதீர்கள், மீட்டர் வயரைக் கழற்றிவிட்டால் எண் ஏறாது. எரிபொருள் பில் பொய் சொல்வது கடினம்: இந்த இன்ஜின் மணிக்குச் சுமார் 100 லிட்டர் குடிக்கும்.

மெயின் ரோட்டரின் டிடி ஸ்ட்ராப் (பிளேடை ரோட்டர் மையத்தோடு பிணைக்கும் பட்டை) 1,200 மணி அல்லது 24 மாதம்தான். பிளேடின் மையவிலக்கு விசை முழுவதையும் தாங்குவது அதற்குள் சுற்றியிருக்கும் மெல்லிய கம்பிகள். ஈரம் புகுந்து அவை அரித்தால் வெளியே தெரியாது. ஷெட்டிலேயே நின்ற ஹெலிகாப்டருக்கும் மாதக் கணக்கு ஓடிக்கொண்டுதான் இருக்கும்.

கம்ப்ரசரை போரோஸ்கோப்பில் (உள்ளே நுழைத்துப் பார்க்கும் குழாய்க் கேமரா) மட்டும் பார்க்கச் சொன்னால் ஒப்புக்கொள்ளாதீர்கள். கேஸைத் திறந்து பிளேடு விளிம்பின் தேய்மானத்தையும் அரிப்புக் குழிகளையும் நேரில் பாருங்கள். பவர் செக் செய்து டார்க் (சுழற்று விசை), டர்பைன் வெப்பநிலை இரண்டையும் ஃபிளைட் மேனுவல் சார்ட்டோடு ஒப்பிடுங்கள். 206-இன் ராணுவ வடிவமான ஓஎச்-58-லிருந்து கழற்றிய பாகங்களும் சந்தையில் சுற்றுகின்றன. பார்க்க அச்சு அசல் 206 பாகம்தான். ஆனால் முழு வரலாறும் 8130-3 படிவமும் (பாகம் பறக்கத் தகுதியானது என்ற சான்று) இல்லாவிட்டால் பயணிகள் ஏறும் ஹெலிகாப்டரில் அது குப்பை.

ஹெலிகாப்டரின் மேல் கடன் பாக்கி இருக்கிறதா என்பதை ஓக்லஹோமா சிட்டியிலுள்ள எஃப்ஏஏ (அமெரிக்க விமானப் போக்குவரத்து ஆணையம்) பதிவகத்தில் தேடச் சொல்லுங்கள்.

இந்த சி20 இன்ஜினில் கியர்பாக்ஸ், கம்ப்ரசர், டர்பைன் மூன்றும் தனித்தனி சீரியல் எண் கொண்ட மாட்யூல்கள். சோதனைக்குப் பிறகு ஒன்றைக் கழற்றி வேறொன்றை மாட்டிவிடலாம். ஆயுள் வரம்புள்ள ஒவ்வொரு பாகத்தின் சீரியல், மணி, சைக்கிளை ஒப்பந்தத்தின் இணைப்பாகச் சேர்த்து விற்பவரிடம் கையெழுத்து வாங்குங்கள். ஹெலிகாப்டரை அனுப்பப் பேக்கிங் செய்யும் நாளில் உங்கள் மெக்கானிக் அதே எண்களைச் சரிபார்த்து எழுதிக் கொடுத்த பிறகே எஸ்க்ரோவிலிருந்து (மூன்றாம் நபர் வசம் வைத்த கணக்கு) பணம் போக வேண்டும்.