அல்மாட்டி பேக்கேஜ் எடுக்கப் போகிறவர்கள் பணம் கட்டுவதற்கு முன் படியுங்கள்

பாண்டி, கடலூர் பக்கம் இருந்து கஜகஸ்தான் நாட்டிலுள்ள அல்மாட்டி நகரத்துக்கு டூர் போக யாராவது பேசிக்கொண்டிருந்தால், முதலில் ஏஜென்ட் கொடுத்த கொட்டேஷனை எடுத்து ‘விசா சார்ஜ்’ என்று ஒரு வரி இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் அங்கேயே எழுந்து வந்துவிடலாம். இந்தியப் பாஸ்போர்ட் வைத்திருப்பவர்கள் கஜகஸ்தானுக்கு 14 நாள் வரை விசா இல்லாமலே போகலாம், 2022 ஜூலையில் இருந்தே அப்படித்தான். எங்களிடம் ஆளுக்கு 3,000 ரூபாய் வாங்கினார்கள். என்ன விசா, எங்கே ஒட்டியிருக்கிறது என்று கேட்டால் “அது ஆன்லைன்ல இருக்கும் சார், இமிகிரேஷன்ல அவங்களுக்குத் தெரியும்” என்று பதில்.

நாங்கள் கடலூர் மஞ்சக்குப்பம். ஏஜென்சி பாண்டியில். பெயரைப் போடவில்லை, புகார் ஓடிக்கொண்டிருக்கிறது. நானும் என் மனைவியும் போனது ஏப்ரல் கடைசியில், டெல்லி வழியாக. ஹோட்டல், விமானம் இதிலெல்லாம் பெரிய குறை இல்லை. குறையெல்லாம் அந்த ஒரு நாளில்தான், அதாவது நாங்கள் எதற்காகவே போனோமோ அந்த ‘சிட்டி டூர், மெடேவ் ஐஸ் ஸ்கேட்டிங், ஷிம்புலாக் ஸ்னோ’ நாளில். மெடேவ் என்பது மலையில் இருக்கிற ஸ்கேட்டிங் மைதானம், ஷிம்புலாக் அதற்கும் மேலே இருக்கிற பனிச்சறுக்கு இடம்.

தனிக் கார் என்று சொல்லியிருந்தார்கள். காலையில் ஹோட்டல் வாசலில் வந்து நின்றது வேன், உள்ளே ஏற்கெனவே ஒரு குரூப் உட்கார்ந்திருந்தது. கைடாக வந்த பையன் விழுப்புரம் பக்கம், அங்கே மருத்துவம் படிக்கிறான், லீவு நாளில் இந்த வேலை. நல்ல பையன்தான், அவன் மேல் எனக்குக் கோபம் இல்லை. ஏறினதுமே அவனிடம் பிளான் கேட்டேன், அவன் காட்டிய தாளில் இருந்ததும் என் கையில் இருந்த தாளில் இருந்ததும் வேறு வேறு.

பான்ஃபிலோவ் பூங்காவில் இறக்கிவிட்டு பத்து நிமிஷம் என்றார் டிரைவர். அந்தப் பூங்காவுக்குள்தான் முழுக்க மரத்தால் கட்டிய பெரிய தேவாலயம் இருக்கிறது, 1907-இல் கட்டி முடித்தது, 1911-இல் ஊரையே ஆட்டிப்போட்ட பூகம்பத்தில் தப்பித்து நிற்கிறது. என் மனைவி ஊரிலிருந்தே அதைப் பார்க்க வேண்டும் என்று சொல்லிக்கொண்டிருந்தவள். உள்ளே போய் நிமிர்ந்து பார்ப்பதற்குள் வேன் ஹாரன். அப்புறம் அதே வேன் ஒரு சாக்லேட், தோல் சாமான் கடை வாசலில் ஒரு மணி நேரத்துக்கு மேல் நின்றதே, அதற்கு மட்டும் யாரும் ஹாரன் அடிக்கவில்லை. அந்தக் கடையில் விற்ற அதே சாக்லேட்டையும் உலர்பழத்தையும் மறுநாள் கிரீன் பஜாரில் பாதி விலைக்கும் கீழே வாங்கினோம்.

கோக்-தோபே மலை தாளில் இருந்தது. 1,100 மீட்டர் உயரம், மேலே போனால் மொத்த ஊரும் தெரியும், பக்கத்திலேயே 370 மீட்டருக்கும் உயரமான டிவி டவர். எங்களை அடிவாரத்தில் கேபிள் கார் ஸ்டேஷன் பக்கமாக ஓட்டிக்கொண்டு போய், “அதோ தெரியுதே, அதுதான் கோக்-தோபே” என்று ஜன்னல் வழியாகக் காட்டினார்கள். பார்த்தாகிவிட்டதாம்.

சரி, மலைக்காவது ஒழுங்காகக் கூட்டிப்போவார்கள் என்று பார்த்தால், மெடேவ். 1,691 மீட்டர் உயரத்தில் இருக்கிற ஸ்கேட்டிங் மைதானம், பத்தாயிரம் சதுர மீட்டருக்கு மேல் ஐஸ், உலக சாதனைகள் நிறைய நடந்த இடம். எல்லாம் உண்மைதான், ஆனால் அந்த ஐஸ் குளிர்காலத்துக்குத்தான். ஏப்ரல் கடைசியில் நாங்கள் பார்த்தது வெறும் தரையும் காலி கேலரியும். நோட்டீஸில் ஸ்கேட்டிங் படம் போட்டு, ‘ஷூ வாடகை உட்பட’ என்று எழுதி, தேதியையும் அவர்களே குறித்துக் கொடுத்து, அந்தத் தேதியில் ஐஸ் இருக்காது என்பது வருஷா வருஷம் குரூப் அனுப்புகிறவர்களுக்குத் தெரியாது என்றால் நம்புகிற மாதிரியா இருக்கிறது? கைடு பையன் தலையைச் சொறிந்துகொண்டு, “அண்ணா, மேல அணைக்குப் படி இருக்கு, ஏறிப் பாக்கலாம், அது ஃப்ரீ” என்றான்.

ஏறினோம். 842 படி. உண்மையைச் சொன்னால் அந்த நாளில் உருப்படியாகப் பார்த்தது அது ஒன்றுதான். மலையிலிருந்து சேறும் பாறையுமாக வெள்ளம் இறங்கி ஊரை அழித்துவிடக் கூடாது என்று 1966-இல் வெடி வைத்து மலையைச் சரித்துக் கட்ட ஆரம்பித்த அணை, 1973-இல் வந்த பெரிய சேற்று வெள்ளத்தை நிறுத்தி ஊரைக் காப்பாற்றியது. கெடிலம் கரை உடைகிற ஊரிலிருந்து போன எங்களுக்கு அங்கே நிற்க ஆசையாகத்தான் இருந்தது, ஆனால் கீழே வேன்.

இப்போது முக்கியமான ஏமாற்று. மெடேவிலிருந்து ஷிம்புலாக்குக்கு 4.5 கிலோமீட்டர் கேபிள் கார், 2011 ஆசிய குளிர்கால விளையாட்டுகளை ஒட்டித் திறந்தது. அது போய் நிற்பது 2,260 மீட்டரில். அங்கிருந்து இன்னொரு கேபிள் கார் 2,860-க்கு, அதிலிருந்து மூன்றாவது ஒன்று தல்கர் கணவாய்க்கு, சுமார் 3,200 மீட்டர். ஏப்ரல் கடைசியில் கீழ் ஸ்டேஷனில் பனி உருகி அங்கங்கே அழுக்குத் திட்டாகக் கிடக்கும், நல்ல பனி வேண்டுமென்றால் மேலே ஏற வேண்டும். எங்கள் கையில் கொடுத்த டிக்கெட் முதல் ஸ்டேஷனோடு சரி. “என்னங்க, பனி அங்க இருக்கு, நம்ம இங்க நிக்கிறோம்” என்று என் மனைவி மேலே கையைக் காட்டினாள். பையனிடம் கேட்டேன். “அண்ணா, எனக்கு அனுப்புனதே இந்த டிக்கெட்டுக்கான காசுதான், நான் என்ன பண்ணுவேன்” என்றான். கையிலிருந்து போட்டு மேலே போகலாம் என்றால் வேன் கிளம்புகிற நேரத்தைச் சொன்னார் டிரைவர், போய்த் திரும்ப முடியாத நேரம்.

ஜாக்கெட், பூட்ஸ் பேக்கேஜிலேயே உண்டு என்று பாண்டியில் சொன்னதும் பொய். வழியில் ஒரு கடையில் நிறுத்தி வாடகைக்கு எடுக்க வைத்து, இரண்டு பேருக்கும் சேர்த்து 20,000 டெங்கே (அந்த நாட்டுப் பணம்) வாங்கினார்கள். ஒரு ரூபாய்க்கு ஐந்தாறு டெங்கே என்று போட்டுப் பாருங்கள். பனியே இல்லாத இடத்தில் பனி பூட்ஸ் போட்டுக்கொண்டு டீ குடித்தோம்.

அங்கிருந்தே ஏஜென்டுக்கு வாட்ஸ்அப்பில் பேசினேன். “ஷிம்புலாக்னு போட்டிருக்கோம், ஷிம்புலாக் போயிட்டீங்கல்ல சார்?” இதற்கு மேல் அந்த ஆளிடம் என்ன பேச?

ஆக, தாளில் ஊர் பெயரும் இடத்தின் பெயரும் இருந்தால் போதாது. கேபிள் கார் எத்தனையாவது ஸ்டேஷன் வரை, நுழைவு டிக்கெட் யார் செலவு, ஒவ்வொரு இடத்திலும் எவ்வளவு நேரம், கார் தனியா பகிர்ந்தா, நீங்கள் போகிற மாதத்தில் ஐஸ் இருக்குமா, எல்லாவற்றையும் எழுத்தில் வாங்குங்கள். இல்லையென்றால் அந்த ஒரு நாளை மட்டும் பேக்கேஜிலிருந்து எடுத்துவிடச் சொல்லுங்கள். ஹோட்டல் கஜகஸ்தான் எதிரிலிருந்து 12-ஆம் நம்பர் டவுன் பஸ் நேராக மெடேவுக்குப் போகிறது, நம் காசுக்குச் சொற்பம். டாக்ஸி ஆப் இருக்கிறது. கேபிள் கார் டிக்கெட்டை அங்கேயே கவுன்டரில் வாங்கிக்கொள்ளலாம்.

இன்னொன்று, டிசிஎஸ் என்கிற வரி. வெளிநாட்டு டூர் பேக்கேஜுக்கு ஏஜென்ட் வரி பிடித்து அரசுக்குக் கட்ட வேண்டும், நாம் வருமான வரி ரிட்டர்ன் போடும்போது அதைக் கழித்துக்கொள்ளலாம். எங்கள் 1,30,000 ரூபாய்க்கு அப்போதைய 5 சதவீதம் என்று 6,500 வாங்கினார்கள், அதுவும் ரொக்கமாக. மாதக்கணக்கில் காத்திருந்தும் என் 26ஏஎஸ்-இல், அதாவது நம் பெயரில் பிடித்த வரியைக் காட்டும் வருமான வரிக் கணக்கில், ஒரு ரூபாய் ஏறவில்லை. இப்படி உங்களிடம் யாராவது பிடித்திருந்தால் பான் நம்பரைப் போட்டு உடனே பாருங்கள்.

தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்குப் போன் செய்து புகார் பதிந்தேன். அதற்கப்புறம் விசா காசு 6,000 மட்டும் திரும்பி வந்தது, ‘குட்வில்’ என்று சொல்லி. மீதிக்கு கடலூர் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் மனு போட்டிருக்கிறேன். ஏஜென்ட் பாண்டியில் இருந்தாலும் நாம் குடியிருக்கிற மாவட்டத்திலேயே போடலாம், 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் அதற்கு வழி இருக்கிறது. கொடுத்த தொகை 5 லட்சத்துக்குள் என்றால் மனுவுக்குக் கட்டணமும் இல்லை. வாட்ஸ்அப் பேச்சு, நோட்டீஸ், டிக்கெட் துண்டு எதையும் தூக்கிப் போடாதீர்கள், வக்கீல் முதலில் கேட்டதே அதைத்தான்.

போன வாரம் அந்த ஏஜென்சியின் ஸ்டேட்டஸில் மே மாத குரூப்புக்கு சீட் இருக்கிறது என்று போட்டிருந்தார்கள். அதே ஐஸ் ஸ்கேட்டிங் படம்தான்.