'300': எழுநூறு பேரை விட்டுவிட்ட அழகான புத்தகம்

பள்ளியில் ஓவியம் சொல்லிக்கொடுப்பவன் நான். ஃபிராங்க் மில்லரின் '300' காமிக்ஸைப் படங்களுக்காகத்தான் வாங்கினேன். 1998இல் டார்க் ஹார்ஸ் நிறுவனம் ஐந்து இதழ்களாக வெளியிட்டு, பிறகு கெட்டி அட்டையில் ஒரே நூலாக்கிய கதை. இதழில் எதிரெதிர்ப் பக்கங்களை அடைத்திருந்த படம் இங்கே ஒரே அகலப் பக்கமாகக் கிடக்கிறது. மேசையில் விரித்துப் படியுங்கள். கைபேசித் திரையில் பார்த்தால் பாதி அழகு போய்விடும்.

கி.மு. 480. பாரசீக மன்னன் செர்க்சஸின் பெரும்படையைக் கிரேக்கத்தின் தெர்மோபிலேயில், மலைக்கும் கடலுக்கும் இடைப்பட்ட குறுகிய வழியில், ஸ்பார்ட்டா என்ற கிரேக்க நகர அரசின் மன்னன் லியோனிடாஸ் முந்நூறு ஸ்பார்ட்டர்களோடு மறிக்கிறான். மில்லர் கறுப்பைத் தயங்காமல் அள்ளிப் பூசுகிறார். கேடயங்களும் ஈட்டிகளும் நெருங்கி நிற்கும் பக்கங்களில் தனி மனிதன் மறைந்து அணிவகுப்பு மட்டுமே தெரிகிறது. கிரேக்கக் காலாட்படை போரிட்ட முறையே அதுதான். லின் வார்லியின் வண்ணங்களை என்ன சொல்லிப் பாராட்டுவது! மண்ணும் துருவும் கலந்த மங்கல் நிறங்கள், நடுவே ஸ்பார்ட்டர்களின் சிவப்பு மேலாடை. 1999இல் அவருக்குக் கிடைத்த, காமிக்ஸ் துறையின் ஐஸ்னர் விருது முற்றிலும் தகுதியானது.

கதைக்கு வரும்போது எனக்குக் கோபம் வருகிறது. கவசம் அணிந்து போரிட்டவர்களை வெற்றுடம்போடு வரைந்திருப்பதை ஓவியனின் உரிமை என்று ஏற்கிறேன். எஃபியால்டஸை வரைந்த விதத்தை ஏற்க முடியவில்லை. பண்டைய கிரேக்க வரலாற்றாசிரியர் ஹெரோடோட்டஸ் சொல்லும் எஃபியால்டஸ், பரிசுக்கு ஆசைப்பட்டு மலைப்பாதையைப் பாரசீகருக்குக் காட்டிக்கொடுத்த உள்ளூர் ஆள். மில்லர் அவனை உடல் கோணிய ஸ்பார்ட்டனாக்கி, கேடயத்தை உயர்த்த முடியாததால் துரோகியானான் என்கிறார். ஊனத்தையும் துரோகத்தையும் இப்படி முடிச்சுப் போட்ட பக்கங்களை என் மாணவர்களிடம் கொடுக்க மாட்டேன். பாரசீகத் தலைநகராக இருந்த பெர்செபொலிஸின் சிற்பங்களில் பாரசீக அரசர்கள் நீண்ட தாடியும் மடிப்பு உடையுமாக இருக்கிறார்கள். இங்கே செர்க்சஸ் மொட்டைத் தலையும் உடலெங்கும் வளையங்களுமாக நிற்கிறான்.

எல்லாவற்றையும்விட என்னை உறுத்துவது தெஸ்பியர்கள், அதாவது தெஸ்பியா என்ற கிரேக்க நகரத்தவர்கள். மலைப்பாதை வழியே பாரசீகர் பின்னால் வந்துவிட்டதை அறிந்து மற்றப் படைகள் கிளம்பியபோது, டெமோஃபிலஸ் தலைமையில் 700 தெஸ்பியர்கள் தாங்களாகவே தங்கி ஸ்பார்ட்டர்களோடு மடிந்தார்கள். ஸ்பார்ட்டனுக்குச் சிறுவயது முதல் போர்தான் வேலை. இவர்களோ ஒரு சிறு நகரத்துக் குடிமக்கள். இருந்த வீரர்களில் பெரும்பங்கை அங்கே அனுப்பியிருந்தார்கள். பின்னர் செர்க்சஸ் அந்த நகரத்தையே எரித்தான். மில்லரின் இறுதிப் போரில் ஸ்பார்ட்டர்கள் மட்டுமே நிற்கிறார்கள். தெர்மோபிலேயிலேயே 1997இல் தெஸ்பியர்களுக்குத் தனி நினைவுச்சின்னம் எழுப்பிவிட்டார்கள். அடுத்த ஆண்டு வந்த இந்தக் கதையில் அவர்களுடைய சாவுக்கு இடமில்லை.

கி.மு. 479இல் கிரேக்கத்தின் பிளாட்டேயாவில் பாரசீகருக்கு எதிராக நடந்த போருக்கு, எஞ்சியிருந்த 1,800 தெஸ்பியர்கள் முழுக் கவசம்கூட இல்லாமல் வந்தார்கள். மில்லரின் கதை முடிவதும் அதே பிளாட்டேயாவில்தான். ஒரு பக்கம் அவர்களுக்குக் கொடுத்திருக்கலாம்.