ஏழு பிள்ளைகள் இருக்கும் வீட்டில் ஓர் இன்குபேட்டர்: மூன்று அடைக்குப் பிறகு எழுதுகிறேன்

மூன்று முறை குஞ்சு பொரித்துப் பார்த்துவிட்டுத்தான் எழுதுவது என்று வைத்திருந்தேன். போன வாரம் மூன்றாவது அடையும் இறங்கியது. முட்டையைச் சூட்டில் வைத்துக் குஞ்சு பொரிக்கும் இந்த மின்பெட்டியை, அதாவது இன்குபேட்டரை, வாங்கலாம், தாராளமாக வாங்கலாம். ஆனால் கூடவே ஒரு தனித் தெர்மாமீட்டரும் ஈரப்பதம் காட்டும் சின்ன மீட்டரும் வாங்குவதாக இருந்தால் மட்டும். ஏன் என்று சொல்கிறேன்.

எங்களுக்கு ஏழு பிள்ளைகள். மூத்தவளுக்குப் பதினைந்து, கடைக்குட்டிக்கு நாலு. எல்லோருக்கும் படிப்பு வீட்டிலேயேதான். பின்பக்கம் ஒரு துண்டு நிலம், சில பாத்திகள், இரண்டு ஆடு, ஒரு கோழிக்கூடு. கோழி எப்போது அடை உட்காரும், எப்போது எழுந்து போகும் என்பது நம் கையில் இல்லை. கடைசியாக உட்கார்ந்த பெட்டை பன்னிரண்டாம் நாள் எழுந்து போனது, திரும்பி வரவே இல்லை. ஆறிப்போன அந்த முட்டைகளைப் பிள்ளைகள் குழி தோண்டிப் புதைத்த அன்று சாயங்காலம் முடிவு செய்தோம்.

நாங்கள் வாங்கியது 24 முட்டை பிடிக்கிற மாதிரி. உள்ளே காற்றாடி உண்டு. இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை முட்டைகளைத் தானே புரட்டும். மூடியைத் திறக்காமல் வெளியிலிருந்தே தண்ணீர் ஊற்றலாம். வெப்பம், ஈரப்பதம், இன்னும் எத்தனை நாள் என்பதெல்லாம் முகப்பில் தெரியும். மூடி முழுக்கக் கண்ணாடி போன்ற பிளாஸ்டிக். இந்த மூடிக்காகத்தான் இதைத் தேர்ந்தெடுத்தேன், அதற்காக ஒரு நாளும் வருந்தவில்லை. வெயில் படாத, காற்று அடிக்காத மூலையில், படிக்கும் மேசையின் ஓரத்திலேயே வைத்துவிட்டோம்.

முதல் அடையைப் பற்றிச் சொன்னால்தான் மற்றது புரியும். காற்றாடி உள்ள இன்குபேட்டருக்கு 37.5 டிகிரி. அப்படியே வைத்தோம். ஏழாம் நாள் ராத்திரி விளக்கை அணைத்துவிட்டு, ஒவ்வொரு முட்டையாக டார்ச் வெளிச்சத்தில் பார்த்தோம். நல்ல முட்டைக்குள் நடுவில் ஒரு கரும்புள்ளி, அதிலிருந்து சிலந்திக் கால் மாதிரி நாலாபக்கமும் சிவப்பு நரம்புகள். ஒரு முட்டையில் அந்தப் புள்ளி சட்டென்று அசைந்தது. பத்து வயதுக்காரன் மூச்சை இழுத்த சத்தம் இன்னும் காதில் இருக்கிறது. மூன்று கூமுட்டை, ஒன்றில் ரத்த வளையம், அதாவது கரு உருவாகிப் பாதியில் செத்தது. நாலையும் எடுத்துவிட்டோம். மீதி 20.

21ஆம் நாள் ஒன்றும் நடக்கவில்லை. 22ஆம் நாளும் இல்லை. 23ஆம் நாள் மதியத்துக்கு மேல்தான் முதல் ஓடு விரிந்தது. கடைசியில் 11 குஞ்சுகள், அதில் இரண்டுக்குக் கால் நிற்கவில்லை. ஒன்பது முட்டை ஓட்டுக்குள்ளேயே போய்விட்டன. மூத்தவள் அவற்றை உடைத்துப் பார்த்தாள். எல்லாம் முழுசாக வளர்ந்து, இறகு முளைத்து, அலகு வரை வந்தவை. அன்று ராத்திரி வீட்டில் யாருக்கும் சாப்பாடு இறங்கவில்லை.

தாமதமாகப் பொரித்தால் வெப்பம் குறைவு என்று அர்த்தம். பன்னிரண்டு வயதுக்காரன் காய்ச்சல் பார்க்கும் தெர்மாமீட்டரை முட்டைகளுக்கு நடுவில் வைத்தான். முகப்பு 37.5 என்றது, தெர்மாமீட்டர் 36.8 என்றது. கேட்க 0.7 டிகிரி அற்பமாகத் தெரியும். 21 நாளும் அந்தக் குறையோடு இருந்த குஞ்சுக்கு அது அற்பமில்லை.

அடுத்து ஈரப்பதம். தனியாக ஒரு மீட்டர் வாங்கி, முதலில் அதையே சோதித்தோம். ஒரு பாட்டில் மூடியில் சாதாரண உப்பைப் போட்டு, கரையாமல் ஈர மணல் பதத்துக்குத் தண்ணீர் விட்டு, மீட்டரோடு சேர்த்துக் காற்றுப் புகாத பையில் எட்டு மணி நேரம் மூடி வைத்தால் உள்ளே ஈரப்பதம் 75 சதவீதத்தில் நிற்கும். எங்கள் மீட்டர் 72 காட்டியது. பையன் அதன் முதுகில் ஒரு சீட்டு ஒட்டி ‘+3’ என்று எழுதினான். அதைக் கொண்டு அளந்தால், இன்குபேட்டர் 55 என்று சொன்ன இடத்தில் உண்மையில் 46. முதல் 18 நாளுக்கு 45 முதல் 55 வரை போதும் என்பதால் அது பரவாயில்லை. கடைசி மூன்று நாளுக்கு 65 முதல் 70 வேண்டும். நாங்கள் 65 என்று நம்பி வைத்தது நிஜத்தில் 56தான். உள்சவ்வு காய்ந்து குஞ்சைச் சுற்றி இறுக்கிக்கொண்டால் அதனால் திரும்பவே முடியாது. அந்த ஒன்பதில் சில இப்படியும் போயிருக்கும்.

விற்றவர்களுக்கு விவரமாக எழுதினேன். பதில் வரவில்லை. உயிரை வைத்துக் காக்கும் பெட்டிக்கு அளவு சரியாக இருக்க வேண்டாமா என்ற கோபம் எனக்கு இன்னும் ஆறவில்லை. இப்போது 38.2 என்று வைக்கிறோம், உள்ளே சரியாக 37.5 நிற்கிறது. அந்த வகையில் நிலையான பெட்டிதான். ராத்திரி குளிர்ந்தாலும் ஏறி இறங்குவதில்லை.

அதற்குப் பிறகு இரண்டாவது அடையில் 22 முட்டை வைத்து 18 குஞ்சு, 21ஆம் நாள் பொழுது விடியும்போதே. மூன்றாவதில் 21க்கு 17. அதுவும் நடுவில் நாலு மணி நேரம் மின்சாரம் இல்லாமல் போய், பெட்டியைப் போர்வைகளால் சுற்றி வைத்திருந்தோம். தாய்க்கோழியும் தினம் கொஞ்ச நேரம் எழுந்து இரை தேடப் போகிறதே, பயப்படாதீர்கள் என்று பிள்ளைகளுக்குச் சொன்னேன். எனக்குள் பயம் இருந்தது.

படிப்பு விஷயத்தில் இது செய்த உதவியைச் சொல்லியாக வேண்டும். என் பத்து வயதுக்காரனுக்குச் சதவீதம் ஒரு மாதமாக மண்டையில் ஏறவில்லை. முட்டை 18 நாளில் ஓட்டின் நுண்துளை வழியாக நீரை இழந்து ஏறக்குறைய 12 சதவீதம் எடை குறைய வேண்டும். ஒவ்வொரு முட்டைக்கும் பென்சிலால் எண் போட்டு எடை பார்த்தான். 58 கிராம் இருந்த ஏழாம் எண் முட்டை எத்தனைக்கு வர வேண்டும் என்று அவனே கணக்குப் போட்டு, 51 என்று எழுதி வைத்து, 18ஆம் நாள் தராசில் 51 நின்றபோது ஓடி வந்து என் கையைப் பிடித்து இழுத்தான். அதற்கப்புறம் அவனுக்குச் சதவீதம் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை. எகிப்தில் மண் அடுப்புகளில் ஆயிரக்கணக்கில் முட்டை பொரித்தவர்கள் முட்டையைக் கண்ணிமையில் ஒற்றிச் சூடு பார்த்தார்கள் என்று மூத்தவள் படித்துச் சொன்னாள். உடனே ஏழு பேரும் வரிசையாகக் கண்ணை மூடி நின்றார்கள்.

மூடிக்கு வருகிறேன். 18ஆம் நாளுக்கு மேல் முட்டையைப் புரட்டக் கூடாது, மூடியைத் திறக்கவும் கூடாது. ஓட்டில் முதல் விரிசல் விழுந்து குஞ்சு வெளியே வர ஒரு முழு நாள் ஆகலாம். கொத்தும், ஓயும், தூங்கும், மறுபடி கொத்தும். பிறகு தலைப்பக்கமாகச் சுற்றிலும் கீறிக்கொண்டே வந்து, காலால் ஓர் உந்து. அத்தனையும் இந்த மூடி வழியாகத் தெரியும். ஆனால் மூடிக்குக் கொக்கி கிடையாது. விரல் பட்டாலே தூக்கிக்கொள்ளும். முதல் அடையில் ஆறு வயதுக்காரி, பாவம், உதவி செய்வதாக நினைத்துத் திறந்துவிட்டாள். இப்போது ஓர் அகலமான எலாஸ்டிக் பட்டியைக் குறுக்கே மாட்டுகிறோம். ‘தொடாதே, தூங்குறாங்க’ என்று அவளே எழுதி மேலே ஒட்டியிருக்கிறாள். செய்கிறவர்கள் ஒரு கொக்கி வைத்திருக்கலாம்.

பொரித்த குஞ்சை அவசரமாக வெளியே எடுக்க வேண்டியதில்லை. வயிற்றுக்குள் இழுத்துக்கொண்ட மஞ்சள் கரு இரண்டு நாள் தாங்கும். உலர்ந்து பஞ்சாகட்டும். குஞ்சைத் தொட்டபின் சோப்புப் போட்டுக் கை கழுவாமல் எங்கள் வீட்டில் யாரும் அடுத்த வேலைக்குப் போக முடியாது.

சுத்தம் செய்வது பாதி சுலபம். தட்டும் புரட்டும் சட்டமும் கழன்று வரும், வெந்நீரில் கழுவலாம். காற்றாடி கழலாது. ஒவ்வொரு அடைக்குப் பிறகும் அதில் குஞ்சுத் தூவி அடைத்துக்கொள்கிறது. பழைய பல் துலக்கும் பிரஷ்ஷால் நோண்டி எடுக்கிறோம். புரட்டும்போது வரும் ‘கர்ர்’ சத்தம் இரண்டாம் நாளே பழகிவிட்டது.

இப்போது வாத்து முட்டை வைத்திருக்கிறோம். பெரிய முட்டை என்பதால் சட்டத்தில் 11தான் அடங்கின. 28 நாள் கணக்கு, இன்று நாலாம் நாள். பொரித்ததும் எத்தனை என்று இதன் கீழேயே எழுதுகிறேன்.