கானா தெருவோரக் கோகோ: பள்ளிப் பிள்ளைகளின் காலைக் கஞ்சி

சாக்லேட் செய்கிற கோகோ வேறு, இது வேறு. கானாவில் ஹௌசா கோகோ என்றால் புளித்த கம்பங்கஞ்சி. வட கானாவின் தமாலே நகரிலும், குமாசி நகரில் வடக்கிலிருந்து வந்து குடியேறியவர்கள் வாழும் ஜோங்கோ பகுதிகளிலும் விடிந்தும் விடியாமலும் சாலையோரப் பானையைச் சுற்றிச் சீருடைப் பிள்ளைகள் நின்றுவிடுவார்கள். தொட்டுக்கொள்ள கோசே, அதாவது தட்டைப்பயறு வடை. பள்ளிக்கு ஓடுகிற பிள்ளைக்கு இந்த ஜோடி அருமையான சாப்பாடு. கம்பில் குறைவாக உள்ள லைசின் என்ற புரதக்கூறைப் பயறு ஈடுகட்டிவிடுகிறது. கஞ்சியை மட்டும் வாங்கிக் கொடுத்தால் சீக்கிரம் பசித்துவிடும்.

ஊறிய கம்பை இஞ்சி, கிராம்பு, மிளகாயோடு அரைத்து, வடிகட்டிப் புளிக்க விடுகிறார்கள். மாவு அடியில் தங்கும், மேலே தெளிநீர் நிற்கும். அந்த நீரைக் கொதிக்கவைத்து, அடிமாவைக் கரைத்து ஊற்றிக் கிளறினால் கோகோ. நீர் தளதளவென்று கொதிக்கும் முன்பே மாவை ஊற்றிவிட்டால் பச்சை வாடை போகாது, கட்டியும் தட்டும். நல்ல கோகோ கரண்டியிலிருந்து அறுபடாமல் வழியும். புளிப்பு நாக்கில் லேசாகத் தெரியும், இஞ்சிக் காரம் தொண்டையில் நிற்கும்.

கோசேயைப் பிட்டுப் பாருங்கள். உள்ளே பஞ்சு மாதிரி துளைகள் இருந்தால் மாவை நன்றாக அடித்திருக்கிறார்கள். கல் மாதிரி இருந்தால் அடித்தது போதவில்லை, அல்லது அடித்த மாவு வெகுநேரம் கிடந்து காற்று இறங்கிவிட்டது. கையில் எண்ணெய் வடிந்தால் எண்ணெய் காயுமுன்பே போட்டிருக்கிறார்கள்.

இந்தக் கடைகளில் உண்மையான குறை அந்த மெல்லிய பிளாஸ்டிக் பைதான். கொதிக்கக் கொதிக்கக் கஞ்சியை அதில் ஊற்றி முடிச்சுப்போட்டுக் கொடுக்கிறார்கள். பிள்ளைகள் ஒரு மூலையைக் கடித்து உறிஞ்சுவார்கள். ஓட்டை பெரிதாகிவிட்டால் பீய்ச்சி உதடும் சட்டையும் வெந்துபோகும். சின்னப் பிள்ளை என்றால் பை வேண்டாம். கிண்ணம் கொடுத்து அனுப்புங்கள், இல்லையென்றால் கடைப் பலகையிலேயே உட்கார்ந்து குடிக்கட்டும். பையில்தான் வாங்கவேண்டும் என்றால் முடிச்சுக்கு மேலே பிடிக்கச் சொல்லுங்கள், கடிக்கும் ஓட்டை வைக்கோல் தடிமனுக்கு மேல் போகக் கூடாது. சர்க்கரையை முதலில் போட்டு, அதன்மேல் கஞ்சியை ஊற்றச் சொன்னால் நன்றாகக் கரையும்.

பாதி குடித்துவிட்டு மீதியைப் பிறகு குடிக்கலாம் என்று வைத்தால் கஞ்சி தண்ணீராகிவிடும். கெட்டுப்போனதாக நினைக்க வேண்டாம். எச்சில் பட்டு மாவுச்சத்து உடைவதால் வரும் நீர்ப்பு அது. சகாராவிலிருந்து ஹர்மட்டான் என்ற வறண்ட காற்று வீசும் மாதங்களில் புழுதி சும்மா விடாது, பானைக்கு மூடி இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள்.

இங்கே அளவைச் சொல்லிக் கேட்பதில்லை. கானாவின் நாணயம் சேடி. இத்தனை சேடிக்குக் கோகோ, இத்தனைக்குக் கோசே என்று பணத்தைத்தான் சொல்வார்கள். காசை வலது கையால் நீட்டவேண்டும். இடது கையை நீட்டுகிற பிள்ளைக்கு முதலில் திட்டு விழும், பிறகுதான் கஞ்சி.